212 ரூபாய் குறைந்ததால் தோற்ற வழக்கு

தொழிலாளர் நீதிமன்றத்தில் நிர்வாகத் தரப்புக்கு வழக்காடத் தொடங்கி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. போக்குவரத்துக் கழகம், நகராட்சி, கூட்டுறவுச் சங்கம் என்று கட்சிக்காரர் மாறினாலும் நான் எப்போதும் எதிர்மனுதாரர் பக்கம்தான். "தொழிலாளிக்கு எதிரா பேசுற வேலையா உனக்கு?" என்று சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். நான் தோற்ற வழக்குகளில் பெரும்பாலானவற்றை என் கட்சிக்காரரின் ஆபீஸ் கோப்புக் கட்டே தோற்கடித்தது.

ஒரு நடத்துநர் வழக்கு. காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்கவில்லை என்று செக்கிங் இன்ஸ்பெக்டர் பிடித்தார். குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை, தண்டனைக்கு முன் விளக்கம் கேட்கும் இரண்டாவது குறிப்பாணை, எல்லாம் முறையாக நடந்து பணிநீக்க உத்தரவும் தயாரானது. அப்போது ஊதிய ஒப்பந்தம் பற்றிய தொழிற்தகராறு ஒன்று நிலுவையில் இருந்தது. (போக்குவரத்தில் ஏதாவது ஒரு தகராறு எப்போதும் நிலுவையில்தான் இருக்கும்.) அப்படி இருக்கும்போது ஒருவரை நீக்கினால், 1947ஆம் ஆண்டு தொழிற்தகராறுகள் சட்டத்தின் 33(2)(பி) பிரிவுப்படி அவருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, நீக்கத்துக்கு ஒப்புதல் கேட்டு மனுவும் போட வேண்டும். உத்தரவு, பணம், மனு மூன்றும் ஒரே தொடர்ச்சியாக நடக்க வேண்டும்.

மணியார்டர் போனது, மனுவும் போனது. ஆனால் கணக்குப் போட்ட எழுத்தர் முந்தைய சம்பளச் சீட்டைப் பார்த்துத் தொகையை எழுதிவிட்டார். இடையில் அகவிலைப்படி ஏறியிருந்தது. அனுப்பிய தொகையில் 212 ரூபாய் குறைந்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்டது இரண்டே கேள்விகள்: "அந்த மாதம் அகவிலைப்படி எவ்வளவு? நீங்கள் அனுப்பியது எவ்வளவு?" ஒப்புதல் மறுக்கப்பட்டது. ஒப்புதல் கிடைக்காத நீக்கம் செல்லாது, அந்த ஆள் வேலையில் நீடித்ததாகவே அர்த்தம் என்று ஜெய்ப்பூர் ஜில்லா சககாரி பூமி விகாஸ் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2002இல் சொல்லிவிட்டது. டிக்கெட் கொடுத்தாரா இல்லையா என்ற பேச்சே எழவில்லை.

1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் 90ஆம் பிரிவில் இதே ஏற்பாடு உண்டு. எண்தான் மாறியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அதிகாரிகள் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. "பயணி யாரும் சாட்சி சொல்ல வரமாட்டாங்களே சார்" என்பார்கள். அந்தக் கவலையை 1977லேயே ஹரியானா அரசு எதிர் ரத்தன் சிங் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்த்துவைத்தார். அதுவும் ஒரு நடத்துநர் வழக்குதான். துறை விசாரணைக்குச் சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகள் பொருந்தாது, டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட பயணிகளைத் தேடிக் கூட்டிவர வேண்டியதும் இல்லை. ஏற்கத்தக்க சாட்சியம் கொஞ்சமாவது இருந்தால் போதும்.

விசாரணையே கோணலாக நடந்திருந்தால் அது தனிச் சங்கடம். விசாரணை அதிகாரியே நிர்வாகத்துக்காகக் குறுக்குக் கேள்வி கேட்டிருப்பார். விசாரணை அறிக்கையின் நகலைத் தொழிலாளிக்குக் கொடுக்காமலே தண்டனையை முடிவு செய்திருப்பார்கள். நகலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி இத்தனை வருடம் ஆகியும் இது நின்றபாடில்லை. அப்போதும் நீதிமன்றத்திலேயே குற்றத்தை நிரூபிக்க நிர்வாகத்துக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அதை நிர்வாகத்தின் பதில் மனுவான எதிருரையிலேயே கேட்டு வைக்க வேண்டும். சரி, கேட்டாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். சாட்சி சொல்ல வேண்டிய இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்று மகன் வீட்டோடு வெளியூர் போயிருப்பார். அப்புறம் யாரை வைத்து நிரூபிப்பது?

அப்பீல் விவகாரம் இதைவிட மோசம். மீண்டும் வேலை கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தால், 'சமரசமாக முடித்துவிடலாம், வேலையில் இல்லாத காலத்துக்கான பின் ஊதியத்தில் பாதி மிச்சமாகும்' என்று கருத்துரை எழுதிக் கொடுப்பேன். கையெழுத்துப் போட ஒருவரும் முன்வர மாட்டார்கள். நாளைக்கு ஆடிட்டில் கேள்வி வந்தால் யார் பதில் சொல்வது? உயர் நீதிமன்றம் போய்விட்டால் பொறுப்பு தன் தலையில் விழாது என்று கணக்கு. அங்கே வழக்கு நடக்கும் வரை, வேறு வேலையில் இல்லாத தொழிலாளிக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் கொடுக்கச் சொன்னது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17பி பிரிவு. வேலை வாங்காமலே சம்பளம். அதுவும் மக்கள் பணம். ஒரு அதிகாரி துணிந்து கையெழுத்துப் போட்டதை என் அனுபவத்தில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் உத்தரவில் தேதி போடுவதற்கு முன்பே சம்பளக் கணக்கைக் காட்டச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு கிளை மேலாளர் இரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தார். "சார், புது அகவிலைப்படி இன்னும் பில்லில் ஏறல. அதையும் சேர்த்து மணியார்டர் போட்டுடவா?"

சேர்த்தே போடச் சொன்னேன்.