சுவரைச் சுரண்டிக் கொண்டுவராதீர்கள்

எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு மறுபடியும் ஒருவர், சின்னப் பையில் சுவரிலிருந்து சுரண்டிய பெயின்ட்டோடு. "இதில ஈயம் இருக்கா எண்டு பார்த்துச் சொல்லுங்கோ, வீடு முழுக்க ஒரே பெயின்ட்தான்." கொழும்பு வெள்ளவத்தையில் பழைய வீடு, தவழும் குழந்தை, அண்மையில்தான் யன்னல்களை சாண்ட் பேப்பரால் தேய்த்து பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அவர் கொண்டுவந்ததோ புதிதாக அடித்த எமல்ஷன். அதில் ஈயம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவர் நிம்மதியாகப் போயிருப்பார், யன்னலைத் தேய்த்ததில் தரையில் படிந்த பழைய பெயின்ட் தூசியைக் குழந்தை வாயில் வைத்துக்கொண்டே இருந்திருக்கும்.

வீடு முழுக்க ஒரே பெயின்ட் என்று எந்த வீட்டிலும் இல்லை. சுவரில் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிப்பது), யன்னலிலும் கதவு நிலையிலும் கிறில்லிலும் எனாமல் (எண்ணெய்ப் பெயின்ட்). ஈயம் பெரும்பாலும் எனாமலில்தான். மேலே தெரிவது புதிய படை, அதன் அடியில் தாத்தா காலத்துப் படைகள். பெயின்ட் துண்டு எடுப்பதானால் மரம் தெரியும்வரை எல்லாப் படைகளும் வர வேண்டும், மரத்தூள் சேரக்கூடாது. தேய்த்தால் நிறம் மாறும் குச்சிகள் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். அவை "ஈயம் இல்லை" என்று காட்டினால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். எக்ஸ்ஆர்எஃப் (XRF) என்ற எக்ஸ்ரே கருவி கிடைத்தால் சுரண்டாமலே அடியிலுள்ள படைகளையும் பார்க்கலாம்.

ஆனால் குழந்தை உள்ளவர்களுக்கு முதலில் வேண்டியது பரிசோதனைக்கு எடுக்கும் தூசி மாதிரி (சாம்பிள்). குழந்தை விளையாடும் தரை, யன்னல் படி, யன்னல் மூடும் பள்ளம், ஒவ்வொன்றிலும் தனித்தனி. தரையில் ஒரு சதுர அடியை அளந்து, ஈரத்துணியால் ஒரு தடவை குறுக்காக, மடித்து இன்னொரு தடவை நெடுக்காக. ஒவ்வொன்றுக்கும் புதிய கையுறை, கெட்டியான மூடிக் குழாய். பரப்பை எழுதாமல் அனுப்பினால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை, இதைப் பழகியவர்களே மறக்கிறார்கள். ஈயப் பெயின்ட்டை அகற்றும் வேலை முடிந்த வீட்டுக்கு அமெரிக்கா 2024இல் வைத்த எல்லை சதுர அடிக்குத் தரையில் 5 மைக்ரோகிராம், யன்னல் படியில் 40. கண்ணுக்கே தெரியாத அளவு, எனவே "பார்த்தால் சுத்தமாத்தானே இருக்கு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

பெயின்ட் அடிக்கும் பாஸிடம் சொல்லிவிடுங்கள்: உலர்ந்த தேய்ப்பு வேண்டாம், நனைத்துத் தேய்க்கட்டும். தும்புத்தடியால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள், துடைத்து ஒரு மணி நேரமாவது கழித்தே மாதிரி எடுங்கள். அதுவரை பிள்ளைகள் வேறு வீட்டில் இருக்கட்டும்.

ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்களா? வீட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் குழந்தையின் இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பாருங்கள். டெசிலீட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். விரல் நுனியில் எடுத்தது கூடுதலாக வந்தால் நாளத்தில் எடுத்து உறுதி செய்யச் சொல்லுங்கள், விரலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டும்.