சொஃப்ட்வெயர் வாங்க முதல் லைசன்ஸைக் கேளுங்க

திருகோணமலை டவுனுக்குள்ள கடை வச்சிருக்கிறவங்க, உப்புவெளி நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துறவங்க, டியூசன் சென்டர் வச்சிருக்கிற சேர்மார், இவங்களுக்குக் கொம்பியூட்டர் செட் பண்ணிக் குடுக்கிறதும் பழுது பாக்கிறதும் தான் என்ட தொழில். சொஃப்ட்வெயர் எண்டு பேச்செடுத்தா முதல்ல வாற கேள்வி "எவ்வளவு முடியும்?" எண்டது தான். காசு இல்லாட்டி போடுங்க, காசு எண்டா கிராக், அதாவது பூட்டை உடைச்ச களவுக் கொப்பி, இருக்கா பாருங்க, அதோட கதை முடிஞ்சுது. அந்த சொஃப்ட்வெயரை வச்சு நான் என்னெல்லாம் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, நாளைக்கு இது சரிவரல்ல எண்டா என்ட கணக்கு வழக்கைத் தூக்கிக்கொண்டு வேறொண்டுக்குப் போக ஏலுமா எண்டு கேக்கிறவங்க மிச்சம் குறைவு. இந்தக் கேள்விகளுக்கு மறுமொழி லைசன்ஸ்ல தான் இருக்கு.

ஒரு பாமசியில நடந்ததைச் சொல்லுறன், பேர் வேணாம். ஸ்டொக், பில், மருந்து காலாவதியாகிற திகதி, ஆக்கள்ட கடன் கணக்கு எல்லாமே ஒரு சொஃப்ட்வெயர்ல தான் ஓடினது, அதைச் செய்து குடுத்தவர் தனி ஆள், கொஞ்சக் காலத்தில வெளிநாடு போயிட்டார். ஒரு நாள் மின்னல் அடிச்சு மதர்போர்ட் போயிட்டுது. ஹாட்டிஸ்க்குக்கு ஒண்டும் இல்ல, சரி எண்டு அதைக் கழட்டி வேற மெசின்ல போட்டா சொஃப்ட்வெயர் திறக்கல்ல, ஏனெண்டா அது பழைய மெசின்ட நம்பரைப் பாத்து மட்டும் ஓடுற மாதிரிப் பூட்டி வச்சிருக்கு, புதுக் கீ எண்டா அவர் தான் தரணும். டேட்டாபேஸ் ஃபைல் கண்ணுக்கு முன்னால கிடக்கு, அதுக்கும் பாஸ்வேர்ட். மெசேஜ் போட்டுப் போட்டுப் பாத்தும் ஆளிட்ட இருந்து பதில் இல்ல. பாமசி ஐயா கேட்டார், "தம்பி, நான் காசு குடுத்து வாங்கினது தானே, இது என்ட சாமான் தானே?" அவருக்கு விளங்கப்படுத்தவே எனக்கு மனசு வரல்ல. அவர் வாங்கினது சொஃப்ட்வெயரை இல்ல, அதைப் பாவிக்கிற அனுமதியை, அதுவும் எழுத்தில ஒரு வரி இல்லாம வாய்ப் பேச்சில. கடைசியில கடைப் பிள்ளைகள் றாக்கை றாக்கா இறக்கி எண்ணிப் புதுசா ஸ்டொக் ஏத்தினாங்க, கடன் கணக்கு போனது போனது தான்.

புரொப்ரைட்டரி எண்டா நடைமுறையில இது தான். கோட், அதாவது சொஃப்ட்வெயரை எழுதின மூல வரிகள், ஒருத்தர்ட கையில மட்டும் இருக்கும், எங்களுக்கு அவர் எழுதித் தந்த அளவுக்குத் தான் உரிமை, பழுது வந்தா அவர் தான் திருத்தணும், அவர் நிப்பாட்டினா அதோட நிண்டுது. இதைக் காசோட குழப்பிக்கொள்ளாதீங்க. வாட்ஸ்அப்புக்கு நாங்க ஒரு சதமும் கட்டுறதில்ல, ஆனா அது புரொப்ரைட்டரி. அதுக்கு எதிர்ப்பக்கம் ஓபன் சோர்ஸ், கோட்டை ஆரும் பாத்து, மாத்தி, பகிரலாம் எண்டு லைசன்ஸே சொல்லுறது. விண்டோஸ் மாதிரி மெசினை இயக்குற லினக்ஸ் அந்த வகை, ரெட் ஹாட் எண்ட கொம்பனி அதை வச்சு வருசச் சந்தா வாங்கிப் பெரிய வியாபாரமே செய்யுது. தூரத்து மெசினை இங்க இருந்து இயக்குற டீம்வியூவர் தனிப்பட்ட பாவனைக்கு மட்டும் தான் காசில்லாமக் குடுக்கிறாங்க, அதைக் கடைக்குள்ள போட்டுத் தொழிலுக்குப் பாவிக்கிறது லைசன்ஸை மீறுற வேலை, இது தெரியாம எத்தனையோ பேர் பாவிக்கிறாங்க.

புரொப்ரைட்டரி எண்டாலே கூடாது எண்டு நான் சொல்ல வரல்ல. கலியாண அல்பம் செய்யிற ஸ்டூடியோக்காரர் ஃபொட்டோஷொப்ல பழகின கையை வச்சுக்கொண்டு அதே மாதிரி வேலைக்கு இருக்கிற ஓபன் சோர்ஸ் கிம்ப்புக்கு மாறுறது லேசில்ல, அச்சகத்துக்கு அனுப்புற நிறக் கணக்கெல்லாம் அவருக்கு அங்க தான் சரியா வரும், அப்பிடி எண்டா காசு கட்டி எடுங்க எண்டு தான் சொல்லுவன். ஆனா கடிதம் எழுத, மாணவர் புள்ளிக் கணக்குப் போட, கொட்டேசன் அடிக்க லிப்ரே ஒஃபிஸ் தாராளமாப் போதும், அது 2010இல ஓபன் ஒஃபிஸில இருந்து பிரிஞ்சு வந்தது, ஃபைலைச் சேவ் பண்ணுற ஃபோர்மட்டே எல்லாருக்கும் திறந்த ஒரு சர்வதேசத் தரம்.

கிராக் பற்றி. 2022இல ரூபா விழுந்து டொலர் 200 சொச்சத்தில இருந்து 360 தாண்டினதுக்குப் பிறகு டொலர்ல விலை போட்ட சொஃப்ட்வெயரை இங்க ஒரு சின்னக் கடைக்காரர் எப்பிடி வாங்குறது, அந்தக் கஷ்டம் எனக்கு நல்லா விளங்குது. ஆனா கிராக்ல ரெண்டு பக்கமும் நட்டம். இலங்கையின்ட 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கொம்பியூட்டர் புரோகிராமையும் பாதுகாக்குது, வேணுமெண்டே மீறினா தண்டப்பணமும் சிறையும் அதில இருக்கு. அதை விடுங்க, "அன்ரிவைரஸை நிப்பாட்டிட்டு இன்ஸ்டோல் பண்ணுங்க" எண்டு சொல்லுற ஒரு ஃபைலை உங்கட கடைக் கணக்கு இருக்கிற மெசின்ல எந்த நம்பிக்கையில ஓட விடுறீங்க? வேர்ட்பிரஸ்ல செய்த வெப்சைட்டுக்குக் களவாப் போடுற தீமும் (சைட்டுக்குத் தோற்றம் குடுக்கிற டிசைன்) இதே கதை தான். கெஸ்ட் ஹவுஸ் சைட்டைக் கூகுள்ல தேடினா ஜப்பான் எழுத்தில சூதாட்ட விளம்பரம் வருது எண்டு கூப்பிடுவாங்க, போய்ப் பாத்தா கிட்டத்தட்ட எப்பவும் இது தான் காரணம்.

இனி ஓபன் சோர்ஸ். ரிச்சர்ட் ஸ்டோல்மன் எண்ட புரோகிராமர் அமெரிக்காவில எம்ஐடி ஆய்வுகூடத்தில வேலை செய்யேக்க அங்க வந்த ஒரு பிரிண்டர்ட கோட் கிடைக்காததால அதைத் தங்களுக்கு ஏத்த மாதிரித் திருத்த ஏலாமப் போனது, அந்தக் கோபமும் சேர்ந்து தான் எல்லாரும் பாவிச்சு மாத்தக்கூடிய சொஃப்ட்வெயர் செய்யிற குனு திட்டத்தை 1983இல அறிவிச்சார். 1989இல அவர் எழுதின ஜிபிஎல் லைசன்ஸ் வந்தது. கொப்பிரைட் சட்டத்தை வச்சே செய்த வேலை அது: எடுங்க, ஓட்டுங்க, உள்ளுக்க பாருங்க, மாத்துங்க, மத்தவங்களுக்கும் குடுங்க, ஆனா குடுக்கேக்க நீங்க மாத்தின கோட்டையும் இதே உரிமைகளோட குடுக்கணும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல தொடங்கின லினக்ஸை அடுத்த வருசம் இந்த லைசன்ஸுக்குள்ள கொண்டு வந்தார். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி லைசன்ஸ்கள் வேற மாதிரி, பேரையும் லைசன்ஸையும் வச்சுக்கொண்டு அந்தக் கோட்டை நீங்க மூடின சொஃப்ட்வெயருக்குள்ளயும் போடலாம். எது நல்லது எண்டு ஆக்கள் இண்டைக்கும் சண்டை பிடிக்கிறாங்க. நான் ஜிபிஎல் பக்கம், ஏனெண்டா கடைசியாப் பாவிக்கிற ஆளுக்கும் அந்த உரிமை போய்ச் சேருது.

அது சும்மா கடதாசியில இருக்கிற உரிமை இல்ல எண்டதுக்கு லிங்சிஸ் ரௌட்டர் கதையைப் பாருங்க. டபிள்யூஆர்டி54ஜி எண்ட நீலக் கறுப்புப் பெட்டி, அதுக்குள்ள லினக்ஸ் ஓடுது எண்டு 2003இல ஆக்கள் கண்டுபிடிச்சாங்க, ஆனா லைசன்ஸ்படி கோட் வெளியில வரல்ல. கேட்டு நெருக்கினதில கொம்பனி கோட்டை வெளியிட்டுது. அந்தக் கோட்டில இருந்து தான் 2004இல ஓபன்டபிள்யூஆர்டி எண்ட ரௌட்டர் சொஃப்ட்வெயர் பிறந்தது, இண்டைக்கு எத்தனையோ கொம்பனிகள்ட ரௌட்டர்ல அதைப் போடலாம், கொம்பனி கைவிட்ட பழைய ரௌட்டருக்கும் புது அப்டேட் கிடைக்குது. லைசன்ஸ்ல ஒரு நிபந்தனை இல்லாட்டி அந்தப் பெட்டிகள் எல்லாம் குப்பைக்குத் தான் போயிருக்கும்.

கம்பஸில படிக்கிற தம்பி ஒருத்தர் என்னோட வாதாடினார், "அண்ணா, கோட் ஜிட்ஹப் சைட்டில எல்லாருக்கும் தெரியக் கிடக்கே, அப்ப அது ஓபன் சோர்ஸ் தானே?" இல்ல தம்பி. லைசன்ஸ் ஃபைல் இல்லாமப் போட்ட கோட்டில முழு உரிமையும் எழுதினவருக்குத் தான், பாக்கலாம், எடுத்து உங்கட புரொஜெக்ட்ல போட ஏலாது. பெரிய கொம்பனிகள்லயும் இந்தப் பிரச்சினை இருக்கு. தேடல் சொஃப்ட்வெயரான எலாஸ்டிக்சர்ச் 2021இல அப்பாச்சி லைசன்ஸை விட்டுக் கட்டுப்பாடு கூடின லைசன்ஸுக்குப் போனது, அமேசன் பழைய கோட்டை எடுத்து ஓபன்சர்ச் எண்டு தனியாக் கொண்டு போனது, பிறகு 2024இல எலாஸ்டிக் திரும்ப ஒரு ஓபன் சோர்ஸ் லைசன்ஸையும் சேர்த்துக்கொண்டுது. டேட்டாபேஸ் சொஃப்ட்வெயரான ரெடிஸும் கிட்டத்தட்ட இதே பாதையால போய் வந்தது. தாங்க பாடுபட்டு எழுதினதை அமேசன் மாதிரி இணையத்தில கொம்பியூட்டர் வாடகைக்கு விடுற கிளவுட் கொம்பனிகள் வித்துச் சம்பாதிக்குது எண்ட அவங்கட ஆதங்கம் நியாயமானது தான், நான் குறை சொல்ல மாட்டன். ஆனா இன்னார் பாவிக்கக் கூடாது, இன்ன தொழிலுக்குப் பாவிக்கக் கூடாது எண்டு தடை போட்டா அது ஓபன் சோர்ஸ் இல்ல, 1998இல அமைஞ்ச ஓபன் சோர்ஸ் இனிஷியேட்டிவ்ட வரைவிலக்கணத்திலயே அது தெளிவா இருக்கு.

ஓபன் சோர்ஸ் எண்டா பாதுகாப்புத் தானா வந்திடும் எண்டும் நம்பாதீங்க. 2024 மார்ச்ல எக்ஸ்இஸட் எண்ட சின்ன லைப்ரரிக்குள்ள (மத்த சொஃப்ட்வெயர்கள் எடுத்துப் பாவிக்கிற, ஃபைலைச் சுருக்குற கோட்) திட்டம் போட்டு ஒரு கள்ளக் கதவு வச்சிருந்தது வெளியில வந்தது. சம்பளமில்லாம அதைப் பராமரிச்சவருக்கு உதவி செய்யிற மாதிரி உள்ள வந்து, நம்பிக்கையை எடுத்து, கடைசியில செய்த வேலை. கண்டுபிடிச்சது அன்ட்ரஸ் ஃப்ரொயின்ட் எண்ட மைக்ரோசொஃப்ட் எஞ்சினியர், லொகின் ஆக அரை செக்கன் பிந்துதே எண்டு சந்தேகப்பட்டு உள்ளுக்க தோண்டிப் பாத்தார். உள்ளுக்க போய்ப் பாக்க அவருக்கு உரிமை இருந்ததால தான் அது பரவ முதல் பிடிபட்டுது. அதே நேரம் ஒரு தனி மனிசனை உலகமே சும்மா நம்பி விட்டதால தான் அது நடந்தது, அதையும் மறக்கக் கூடாது.

மூடின கோட்டுக்கு இன்னொரு உதாரணம் இப்ப உங்கட மேசையிலயே இருக்கலாம். விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட வழமையான அப்டேட் முடிஞ்சுது. இங்க கடைகள்ல, டியூசன் சென்டர்ல இருக்கிற எத்தனையோ மெசின்கள் விண்டோஸ் 11 கேக்கிற டிபிஎம் எண்ட பாதுகாப்புச் சிப் இல்லாம நிக்குது, மெசின் நல்லாத் தான் ஓடுது. கொஞ்சக் காலத்துக்கு நீட்டிக்க ஒரு வழி வச்சிருக்காங்க, அதையும் எந்த நேரம் நிப்பாட்டலாம் எண்டது கொம்பனியின்ட முடிவு, வெளியில இருந்து ஒருத்தரும் அந்தக் கோட்டை எடுத்துத் திருத்த ஏலாது. இப்பிடி மெசினுக்கு நான் லினக்ஸ் மின்ட் போட்டுக் குடுக்கிறன், பிரவுசரும் லிப்ரே ஒஃபிஸும் போதும் எண்டு இருக்கிறவங்களுக்கு அது நல்லாக் கை குடுக்குது.

எங்கட நாட்டிலயே எழுதின ஒரு விசயம் இருக்கு, எங்கட ஊர்ப் பிள்ளைகளுக்கு அது தெரியாம இருக்கிறது எனக்குக் கவலை. 2004 டிசம்பர் 26இல கடல் வந்து கரையோரமெல்லாம் அழிஞ்சு, ஆர் காணாமப் போனது, ஆர் எந்த முகாம்ல, எந்த உதவி எங்க போய்ச் சேர்ந்தது எண்டு தெரியாமத் திண்டாடின அந்த நாள்கள்ல லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேசனைச் சேர்ந்தவங்களும் தொண்டர்களும் சேர்ந்து இதுகளைப் பதிஞ்சு தேட அவசரமா எழுதினது தான் சஹானா எண்ட சொஃப்ட்வெயர். அதை ஓபன் சோர்ஸா விட்டாங்க. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலயும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலயும் அது வேலை செய்தது, 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதை ஃப்ரீ சொஃப்ட்வெயர் ஃபவுண்டேசன் அதுக்குக் குடுத்தது. எங்கட துயரத்தில எழுதின கோட்டை இன்னொரு நாட்டில ஒருத்தர் ஆரிட்டயும் கேக்காம, காசு கட்டாம எடுத்துத் தன்ட ஆக்களைத் தேடப் பாவிக்க ஏலுமா இருந்தது. லைசன்ஸ் அப்பிடி எழுதியிருந்ததால.

இங்க சொஃப்ட்வெயர் செய்து விக்கிற தம்பிமாருக்கு நான் எதிரி இல்ல. கோட்டைத் திறந்து விட்டா எங்கட பிழைப்பு என்ன ஆகிறது எண்டு கேக்கிறீங்க, சரி, கோட்டை நீங்களே வச்சிருங்க, எழுத்தில மாத்திக் குடுக்காட்டி சட்டப்படியும் அது எழுதின உங்களுக்குத் தான் சொந்தம். ஆனா கடைக்காரர்ட டேட்டா உங்கட சொந்தம் இல்ல, அதைப் பூட்டி வைக்க உங்களுக்கு உரிமை இல்ல.

கடைக்காரரும் கெஸ்ட் ஹவுஸ்காரரும் அட்வான்ஸ் குடுக்க முதல் ஒரு தாளில இதை எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வச்சுக்கொள்ளுங்க: "இந்த சொஃப்ட்வெயரில் உள்ள வாடிக்கையாளரின் தரவு முழுவதும் வாடிக்கையாளருக்கே சொந்தம். அவர் கேட்கும்போது எக்ஸல் அல்லது சிஎஸ்வி (எக்ஸல் போன்றவற்றில் திறக்கும் எளிய அட்டவணை) கோப்பாகத் தரப்படும், டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அவரிடம் இருக்கும். கணினி மாறினால் மேலதிகக் கட்டணமின்றி ஒரு வாரத்துக்குள் புதிய கீ தரப்படும். செய்து தந்தவர் சேவையை நிறுத்தினால், வாடிக்கையாளர் தன் சொந்தப் பாவனைக்காகத் திருத்திக்கொள்ளும் உரிமையுடன் சோர்ஸ் கோட் அவரிடம் ஒப்படைக்கப்படும்." ஒரு வசனத்துக்கு மறுத்தா எதுக்கு மறுக்கிறார் எண்டு அப்பவே கேளுங்க. கையெழுத்து வச்ச பிறகு சும்மா இருந்திடாம மாசத்தில ஒருக்கா அந்த சிஎஸ்வியை எடுத்து, கடையில இல்லாம வீட்டில இருக்கிற ஒரு பென்ட்ரைவ்ல போட்டு, லிப்ரே ஒஃபிஸ்ல திறக்குதா எண்டும் பாத்து வையுங்க.