பிறப்பு, இறப்புப் பதிவு: தென்னாப்பிரிக்கச் சட்டமும் அதிலிருந்து பிறக்கும் கணக்கும்

தென்னாப்பிரிக்காவில் உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பையும் 30 நாள்களுக்குள் உள்துறை அலுவலகத்தில், நம்மவர் பேச்சில் சொன்னால் ஹோம் அஃபேர்ஸில், தெரிவித்துவிட வேண்டும் என்று 1992ஆம் ஆண்டின் 51ஆம் எண் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் கூறுகிறது. முதல் சான்றிதழுக்குக் கட்டணம் இல்லை. அந்தக் கெடு கடந்தால் அது தாமதப் பதிவாகிவிடும். தாமதத்துக்கான காரணத்தையும் எழுதித் தர வேண்டும். நல்ல நாள் பார்த்துப் பெயர் சூட்டக் காத்திருக்கும் குடும்பங்கள் இதை மறக்கலாகாது. பிள்ளை என்னும் ஒரே பட்டப்பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதும் வீடுகள் டர்பன் பக்கம் இருப்பதால், பெற்றோரின் அடையாள அட்டையில் உள்ள எழுத்தையே படிவத்திலும் எழுதுவது பின்னாளில் அலைச்சலைக் குறைக்கும்.

சான்றிதழ் குடும்பத்துக்கு, எண்ணிக்கை நாட்டுக்கு. பதிவுகளைத் தொகுத்து வெளியிடுவது தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறை. ஓராண்டில் உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுக்கு, ஒரு வயது நிறைவதற்குள் இறந்தவர் எத்தனை பேர் என்பதே சிசு இறப்பு விகிதம். ஒரு பேச்சுக்கு, ஓர் ஊரில் 900 பிறப்பும் 18 சிசு இறப்பும் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 20. உயிரோடிருக்கும் 200 குழந்தைகள் பதிவாகாமல் போனால், அதே 18 இறப்பை 700 பிறப்பால் வகுக்க நேர்ந்து, விகிதம் 25.7 ஆக ஏறிவிடும். பிறந்த சில மணி நேரத்தில் இறந்த 6 குழந்தைகளின் பிறப்பும் இறப்பும் பதிவாகவில்லை என்றாலோ, அது 13.4 ஆக இறங்கி, இல்லாத நலத்தைக் காட்டும். இரண்டாவது பிழையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏனெனில் நல்ல செய்தியை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆகவே சற்று நேரமே மூச்சுவிட்ட குழந்தைக்கும் பிறப்பு, இறப்பு இரண்டையும் பதிய வேண்டும். 26 வாரமேனும் கருவில் வளர்ந்து, உயிர்க்குறி இன்றிப் பிறந்தால் மட்டுமே அது சட்டப்படி இறந்து பிறந்த குழந்தை.

இறப்பைப் பொறுத்தவரை, அடக்க ஆணை இல்லாமல் புதைக்கவோ எரிக்கவோ இயலாது. மருத்துவர் நிரப்பும் இறப்பு அறிவிப்பில் காரணம் எழுதும் பகுதி இரகசியமானது. குடும்பத்தார் பெறும் சான்றிதழில் நோயின் பெயர் வராது. மருத்துவர் நிரப்பும் அந்தக் காரணப் பகுதியில் “மாரடைப்பு” என்று மட்டும் நின்றுவிடாமல், அதற்கு வழிவிட்ட நோயையும் படிப்படியாகக் கீழிறங்கி எழுத வேண்டும். அந்த வரிசையின் அடியில் நிற்கும் அடிப்படை நோயே புள்ளிவிவரத்தில் சேர்கிறது. 2018ஆம் ஆண்டின் இறப்புக் காரணங்களில் காசநோய் முதலிடத்திலும் நீரிழிவு இரண்டாம் இடத்திலும் இருந்தது இவ்வாறுதான் தெரியவந்தது. வீட்டில் இறந்தவருக்கு இன்ன நோய் இருந்தது என்று பார்க்க வரும் மருத்துவருக்குத் தெரிய வழியில்லாமல் போகலாம். கிளினிக் அட்டையையும் மாத்திரைப் பைகளையும் அவர் கையில் எடுத்துக் கொடுங்கள்.