மனை வாங்கும் முன் அய்யனார் கோயிலைத் தேடுங்கள்

2025 ஜூலையில் தூய்மை நகரங்களின் பட்டியல் வெளியான அன்று என் செல்பேசி ஓயவே இல்லை. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 40 நகரங்களில் மதுரைக்கு 40ஆவது இடம். சென்னையில் வேலை பார்க்கும் நண்பர்கள், துபாயில் இருக்கும் உறவினர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் என்று எல்லோரும் அந்தச் செய்தியைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் இதே ஊரின் மீனாட்சியம்மன் கோயில்தான் 2017இல் நாட்டின் தூய்மையான புகழ்பெற்ற தலம் என்ற விருதை வாங்கியது.

எனக்கும் மனசு வலித்தது. ஆனால் இருபது வருடத்துக்கும் மேலாக இந்த ஊரில் வீடுகளுக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. அன்று எல்லோரும் குப்பையைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் குப்பை போய் அடைத்துக்கொள்ளும் வாய்க்காலைப் பற்றி அநேகமாக யாரும் பேசவில்லை. மதுரையின் பெயர் கெடுவதும் மதுரைக்காரர்கள் வாழ்நாள் சேமிப்பை இழப்பதும் அந்த வாய்க்காலில்தான்.

சில வருடங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார். பி.எஃப். பணத்தையெல்லாம் போட்டு ஊருக்கு வடக்கே கட்டிய வீடு. கிரானைட் தரை, மாடிப்படிக்கு எவர்சில்வர் கைப்பிடி, பூஜை அறைக்குத் தேக்குக் கதவு. ஹால் சுவரில் மட்டும் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி நின்றது. விரல் பட்டதும் பொலபொலவென்று கொட்டியது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல், என் நகம் உள்ளே போகிற அகலத்துக்கு.

"மழைக்காலம் வந்தா பாத்ரூம் பக்கமே போக முடியலை சார். ஊத்துற தண்ணி திரும்பி மேல வருது" என்றார் அவர் மனைவி.

வீட்டுக்குப் பின்னால் ஓர் அடி தோண்டிப் பார்த்தேன். கறுப்பாக, பிசுபிசுவென்று கரம்பை. விவசாயிகள் வண்டி வைத்து வயலுக்கு அள்ளிப் போவார்களே, அதே மண். பயிருக்கு அது வரம். வீட்டுக்கு ஆகாது. ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு கோடைக்கும் வீட்டைக் கொஞ்சம் தூக்கிக் கொஞ்சம் இறக்கும். அந்த மண்ணில் நாலடி ஆழத்துக்கு வெறும் கருங்கல் கட்டி மேலே சுவர் எழுப்பியிருந்தார்கள். நிலத்தடி நீர்மட்டம் மேலே வந்ததும் செப்டிக் டேங்கில் இருந்த தண்ணீருக்குப் போக இடமில்லை. திரும்பி வீட்டுக்குள் வந்தது.

"தப்பு கொத்தனார் மேலயா தம்பி?" என்று ஆசிரியர் கேட்டார். கொத்தனார் மேல் பாதிகூட இல்லை. இடம் அப்படி. அவரிடம் பட்டா இருந்தது, மனைப்பிரிவு அனுமதி இருந்தது, வங்கிக் கடனும் கிடைத்தது. எல்லாத் தாளும் சரி. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகும் என்ற ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

பாண்டியர் கல்வெட்டுகளில் இந்த ஊரை 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று எழுதியிருக்கிறார்கள். மாடக்குளத்தின் கீழே இருக்கும் மதுரை என்று பொருள். அரண்மனை இருந்த ஊருக்கே ஒரு கண்மாயை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். மாடக்குளம் கண்மாய் இன்றும் இருக்கிறது. இந்தப் பெயரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும், கொஞ்சம் குற்ற உணர்வாகவும் இருக்கும்.

கண்மாய் எப்படி வேலை செய்கிறது என்று நம் தாத்தாக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு மனை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கரை. கரைக்கு மேல்பக்கம் தண்ணீர் நிற்கும் உள்வாய். கீழ்ப்பக்கம் ஆயக்கட்டு, அதாவது வயல். வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட மடை. கண்மாய் நிறைந்து மிஞ்சுகிற தண்ணீர் வெளியேறக் கலுங்கு. கலுங்கு தாண்டிய தண்ணீர் மறுகாலாகப் போய் அடுத்த கண்மாயில் விழும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. செல்லூர் கண்மாயின் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போவதும் இந்தக் கணக்கில்தான். ஒரு கண்மாயைத் தூர்த்தால் போகிறது ஒரு கண்மாய் மட்டுமல்ல. மேலே இருக்கும் அத்தனை கண்மாய்களின் தண்ணீருக்கும் வழி அடைபடுகிறது.

இங்கே ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். தல்லாகுளம், பீபிகுளம், ஆத்திகுளம், கோசாகுளம். உயர் நீதிமன்றக் கிளை 2004இல் திறக்கப்பட்ட இடம் உலகனேரி. 2023 ஏப்ரலில் திறந்த நத்தம் சாலை மேம்பாலம் 7.3 கிலோமீட்டர் நீளம், ஊருக்கே பெருமை. அதில் தல்லாகுளத்தில் ஏறினால் செட்டிகுளத்தில் இறங்கலாம். ஏறுகிற இடமும் குளம், இறங்குகிற இடமும் குளம்.

நகரை விரிக்க நீர்நிலையைத் தூர்ப்பது இங்கே புதிதல்ல. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து, அகழியை மண் போட்டு மூடித்தான் வெளி வீதிகளை உண்டாக்கினார். அவர் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். அந்த அகழி ஒரு கோட்டையின் காவலுக்கு இருந்தது, அதற்குப் பின்னால் வேறு நீர்வழி கெடவில்லை என்று வாதிடலாம். கண்மாய் விஷயத்தில் அப்படி வாதிட வழியில்லை.

மேம்பாலம் வந்த வருடம், அந்தப் பக்கம் மனை விலை ஏறிக்கொண்டிருந்தபோது, ஓர் இளைஞர் என்னை ஓர் இடத்துக்கு அழைத்துப்போனார். ஐந்தரை சென்ட், அதாவது 2400 சதுர அடி. சுற்றிலும் கலர் கொடி, வெள்ளையடித்த எல்லைக் கல், பளிச்சென்று செம்மண் அடித்த தரை. புரோக்கர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். "நம்ம ஏரியாவுக்கு அடுத்த அஞ்சு வருஷத்துல ரெண்டு மடங்கு போகும் சார்" என்றார். போகவும் கூடும்.

நான் கடப்பாறையால் ஓரமாக இரண்டடி குத்திப் பார்த்தேன். ஓர் அடி வரை செம்மண். அதற்குக் கீழே கறுப்பு. கறுப்பில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள், சில உடைந்து, சில முழுசாக. ஒன்றை எடுத்து அந்தத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தேன். அவருக்குப் புரியவில்லை. வெகுகாலம் தண்ணீர் நின்ற இடத்தில்தான் அப்படி நத்தை ஓடு கிடக்கும் என்றேன். சற்றுத் தூரத்தில் ஒரு மேடு, மேட்டில் வரிசையாகப் பனை, பனைக்கு நடுவே மண்குதிரைகளோடு அய்யனார் கோயில். எங்கள் பக்கம் அய்யனார் பெரும்பாலும் கண்மாய்க் கரையில்தான் இருப்பார். அவர் இருக்கிற மேடு கரை என்றால், நாங்கள் நின்ற இடம் கரைக்கு எந்தப் பக்கம்? அதுதான் கேள்வி.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் போனேன். "ஐயா, மழை பேஞ்சா தண்ணி எங்கிட்டு வரும்?"

"இது கலுங்குக்கு நேர் கீழ தம்பி. கண்மா மறுகா பாஞ்சா இங்கிட்டுத்தான் வரும். பத்து வருசமா நெறையல, அதான் வித்துட்டாங்க."

எந்த மண் பரிசோதனை அறிக்கையிலும் இவ்வளவு தெளிவாக ஒரு வரியை நான் படித்ததில்லை. அந்தத் தம்பி முன்பணம் கொடுக்கவில்லை.

தாள்களையும் சொல்லிவிடுகிறேன். பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். மனையின் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும், எந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டையும் அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். மனையை ஒட்டிய சர்வே எண்களையும் போட்டுப் பாருங்கள். பக்கத்து எண்ணில் வாய்க்கால் என்றோ ஓடை என்றோ வந்தால் உடனே உஷாராகுங்கள். முடிந்தால் தாலுகா அலுவலகத்தில் கிராம வரைபடம் கேட்டுப் பாருங்கள், அதில் கரையும் நீர்வழியும் தெரியும். 1980களின் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டை வழக்கறிஞரைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது அரசுக்குச் சொந்தமான நீர்நிலை நிலம் என்று ஆகிவிட்டால், எத்தனை வருடம் வீட்டு வரி கட்டியிருந்தாலும் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின் கீழ் வெளியேற்றலாம்.

ஆனால் ஒன்று. 2016இல் அனுமதியற்ற மனைகளின் பத்திரப்பதிவை உயர் நீதிமன்றம் தடுத்ததிலிருந்து 'அப்ரூவல் இருக்கா' என்று எல்லோரும் கேட்கப் பழகிவிட்டார்கள். நல்ல பழக்கம்தான். அதோடு நிம்மதியாகிவிடுவதுதான் ஆபத்து. ஆயக்கட்டு நஞ்சை நிலம் முறையான பட்டா நிலம். அனுமதியும் கிடைத்திருக்கலாம். அது கண்மாய்க்குள் இல்லை, ஆனால் கண்மாய்க்குக் கீழே இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் வீடே கட்டக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மண்ணைப் பரிசோதித்து, தூண் அடித்தளம் போட்டு, தரைமட்டத்தை உயர்த்திக் கட்டலாம். ஆனால் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் மனையின் விலையைக் கணக்குப் போட வேண்டும். ஆசிரியருக்கு இதை யாராவது பத்திரம் முடிக்கும் முன் சொல்லியிருக்க வேண்டும்.

2025 மே மாதக் கடைசியில் முதல்வர் வருகையின்போது பந்தல்குடி வாய்க்காலைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். செய்தி பரவி, பிறகு முதல்வரே வாய்க்காலை நேரில் வந்து பார்த்தார். மறைத்தவர்கள் மேல் ஊரே கோபப்பட்டது, நியாயமான கோபம். ஆனால் நம் தெருக்களிலும் அதேதான் நடக்கிறது, துணிக்குப் பதில் கான்கிரீட். கார் ஏறுவதற்காக வாசல் சாக்கடைமேல் முழு அகலத்துக்குத் தளம் போட்டு மூடிவிடுகிறோம். தூர்வார வருகிறவர் கை நுழைய ஒரு சந்து இல்லை. நானே என் முதல் சில வருடங்களில் அப்படி வரைந்து கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கேட்டார், கொடுத்தேன். இப்போது கழற்றி எடுக்கிற மூடிப் பலகை இல்லாமல் சரிவுத் தளம் வரைந்து கொடுப்பதில்லை. தூக்க முடிகிற அளவில், கொக்கி வைத்து, இரண்டடிக்கு ஒரு பலகை. கூடுதல் செலவு பெரிதாக ஒன்றுமில்லை.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் என் பள்ளி நாட்களில் எங்களுக்கு கிரிக்கெட் மைதானம். திருமலை நாயக்கர் வெட்டிய குளத்தின் நடுவே ஸ்டம்ப் நட்டு ஆடினோம். வைகையிலிருந்து வரும் பனையூர் கால்வாயைச் சீர்செய்தார்கள், தண்ணீர் வந்தது, இப்போது படகு விடுகிறார்கள். சாயங்காலம் குடும்பம் குடும்பமாகப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். குளத்தை ஆழப்படுத்தி, அலங்கரித்து, விளக்குப் போட்டிருந்தால் மட்டும் இது நடந்திருக்காது. வழியைத் திறந்தார்கள், நடந்தது. வெளியூர்க்காரர் வந்தால் இப்போது நான் முதலில் அங்கேதான் அழைத்துப்போகிறேன்.

2024 அக்டோபர் 25 பிற்பகலில் மதுரையில் 15 நிமிடங்களில் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஐந்தரை சென்ட் மனை ஒன்றில் மட்டும் அது 10 ஆயிரம் லிட்டர். மனைக்கு ஒரு தண்ணி லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லூரிலும் பீபிகுளத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இரண்டு நாள் கழித்து அந்தத் தம்பி எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். நாங்கள் பார்த்த அதே இடம். வெள்ளைக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. அவர் வேண்டாமென்ற மனையில் யாரோ அஸ்திவாரம் எடுத்திருந்தார்கள். கம்பிகள் நாலு மூலையிலும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன.

அடுத்த வாரம் அந்த மனைக்காரரே யாரோ சொல்லி என்னிடம் வந்தார். கையில் வரைபடம், கண்ணில் தூக்கமில்லை. தரைமட்டத்தை இன்னும் இரண்டடி ஏற்றச் சொன்னேன். அப்புறம், அந்தத் தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகும் என்பதையும் சொன்னேன்.

"அங்க என் தங்கச்சி வாங்கியிருக்கு சார்" என்றார்.