பத்தாயிரம் பீஸ் ஆர்டருக்குக் கார்ட் பட்டன் எதற்கு?

சைட் போட்டுத் தருவது என் தொழில். மறுபடியும் ஒருவர் வந்துவிட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார், ஏற்றுமதிக்குத் தைக்கிறார். யாரிடமோ பெரிய தொகை கொடுத்து "அமேசான் மாதிரி" ஒரு சைட் போட்டிருக்கிறார். கார்ட் இருக்கிறது, கூப்பன் இருக்கிறது, விஷ்லிஸ்ட்கூட இருக்கிறது. ஆர்டர்தான் இல்லை. "டிசைன் செரியில்லீங்க தம்பி, மாத்திக் குடுங்க" என்கிறார்.

டிசைனில் ஒரு குறையும் இல்லை. சைட்டின் வகையே தப்பு. ஒரே ஒரு டீ-ஷர்ட்டைக் கார்ட்டில் போட்டு வாங்குகிறவர் இவருடைய கஸ்டமரே கிடையாது. இவருடைய பையர் ஒரு ஸ்டைலுக்கு ஆயிரக்கணக்கில் பீஸ் கேட்பவர். முதலில் சாம்பிள் கேட்பார், துணி என்ன ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்பார், ஜி.ஓ.டி.எஸ். (இயற்கை இழைத் துணிக்கானது), ஓகோ-டெக்ஸ் (துணியில் தீங்கான ரசாயனம் இல்லை என்பதற்கானது) சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பார், மெஷின் எத்தனை, மாதம் எவ்வளவு தைப்பீர்கள் என்று விசாரிப்பார். அப்புறம்தான் விலைப் பேச்சு. இதில் ஒன்றுகூட அந்த சைட்டில் இல்லை. 'இன்றைய சலுகை' என்று சிவப்பாக ஒரு பட்டை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கிற வெளிநாட்டு பையர், சில்லறைக் கடை போலிருக்கிறது என்று அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார். சைட்டே இல்லாமல் இருந்திருந்தால் இந்த நஷ்டமாவது வந்திருக்காது.

இவருக்குத் தேவை ஒரு கேட்டலாக் சைட். நல்ல ஆங்கிலத்தில், ஃபேக்டரி படங்கள், சான்றிதழ்கள், குறைந்தபட்ச ஆர்டர் அளவு, ஒரு விசாரணைப் படிவம். செலவும் பாதிதான் ஆகும்.

என்னை அதிகம் எரிச்சல்படுத்துகிற நம்பிக்கை ஒன்று உண்டு: கார்ட் வைத்தால் விற்பனை தானாக வரும் என்பது. வராது. கார்ட் என்பது கடையில் பில் போடும் மேஜை, அவ்வளவுதான். மேஜை போட்டதற்காக யாரும் தெருவிலிருந்து உள்ளே வர மாட்டார்கள். அமேசானுக்கு ஆட்கள் போவது கார்ட் பட்டனைப் பார்த்தா? கிடங்கு, டெலிவரி, திருப்பி எடுக்கும் வசதி, பணம் திரும்ப வரும் என்ற நம்பிக்கை, இதற்காகப் போகிறார்கள். உங்கள் சைட்டுக்கு ஆள் வர வேண்டுமென்றால் விளம்பரத்துக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ மாதாமாதம் பணமும் நேரமும் போட வேண்டும். அதற்கு ஒதுக்கியிருக்கிறீர்களா என்று கேட்டால், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். இல்லை, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சரி, ஆர்டர் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். யார் பேக் செய்வது? ஸ்டாக் தீர்ந்த சைஸை அன்றைக்கே சைட்டிலிருந்து எடுப்பது யார்? கேஷ் ஆன் டெலிவரி பார்சலை வாங்காமல் திருப்பி அனுப்பினால் போக வர கூரியர் செலவு யாருடையது? ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே பொதுவாக 2% அளவில் கட்டணம் பிடிக்கும், அந்தக் கட்டணத்துக்கு 18% ஜி.எஸ்.டி. தனி. ரீஃபண்ட் விதிகள், தனியுரிமை, முகவரிப் பக்கங்கள் இல்லையென்றால் கணக்கையே திறக்க மாட்டார்கள். 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரின் பெயர் சைட்டில் இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்தது என்று அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெங்களூருக்கு ஒரு பார்சல் அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. பெரும்பாலான பொருள்களுக்கு, விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். சைட் போடுகிறவரிடம் இதைக் கேட்காதீர்கள், ஆடிட்டரிடம் கேளுங்கள்.

சில தொழில்களில் சைட்டின் வகையைச் சட்டமே முடிவு செய்துவிடுகிறது. ஈ-காமர்ஸ் சைட்டுகள் பட்டாசுக்கு ஆன்லைனில் ஆர்டர் வாங்கி விற்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிவகாசிக் கடைகளின் சைட்டுகளில் விலைப்பட்டியலைப் பார்த்து எண்ணிக்கையைக் குறித்து அனுப்பினால் கடையிலிருந்து போன் வருகிற முறை இருப்பது அதனால்தான். தீபாவளி நெருங்கும்போதெல்லாம் "கேட்வேயும் சேர்த்துடுங்க சார்" என்று யாராவது கூப்பிடுவார்கள். மாட்டேன். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டேன். (மொத்த வியாபாரிகள் பலருக்கு இந்த விசாரணை முறையே கார்ட்டைவிடப் பொருத்தம். சிவகாசியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.)

மற்றவர்களுக்குச் சுருக்கமாக. பல் மருத்துவர், ஆடிட்டர், ஏ.சி. மெக்கானிக்: நாலைந்து பக்கம், நேரம், மேப், தொட்டால் அழைப்பு போகிற நம்பர். இது போதும். அப்பாயின்ட்மென்ட் வசதி வேண்டுமென்றால், அதைத் தினமும் பார்க்க ரிசப்ஷனில் ஆள் இருக்க வேண்டும். கல்யாண மண்டபத்துக்குத் தேதி காலியா என்று காட்டும் காலண்டர். வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்கிறவர், வாட்ஸ்அப்பில் ஆர்டர் குவிந்து கணக்கு வைக்க முடியாமல் திணறுகிற அளவுக்கு வந்த பிறகு ஷாப்பிங் சைட்டுக்கு வரட்டும். அதுவரை வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக் தாராளமாகத் தாங்கும். தெருவில் ஒரே ஒரு தையல் கடையா? முதலில் கூகுள் மேப்பில் கடையைச் சரியாகப் பதியுங்கள், காசு கிடையாது.

"அப்படின்னா சைட்டும் இலவசமாவே போட்டுக்கலாமே" என்பார்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு கொடுத்த இலவச சைட்டுகள் ஞாபகம் இருக்கிறதா? 2024 மார்ச்சில் கூகுள் அவற்றை மூடிவிட்டது. விசிட்டிங் கார்டு, கடை போர்டு, வண்டி என்று எல்லா இடத்திலும் அந்த முகவரியை அடித்து வைத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்? இலவச சைட் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் முகவரி உங்கள் சொந்த டொமைனாக (உங்கள் பெயரில் பதிவு செய்த சைட் பெயர்) இருக்கட்டும். உள்ளே இருப்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் தயவுசெய்து இதையெல்லாம் கேட்டுவிடுங்கள். டொமைன் யார் பெயரில் பதிவாகும்? ஓ.டி.பி. யார் போனுக்கு வரும்? இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு? (முதல் வருடச் சலுகை விலையைச் சொல்லிவிட்டு இதை விழுங்கிவிடுவார்கள்.) வேர்ட்பிரஸ் (சைட் கட்டும் மென்பொருள்) என்றால் பிளக்இன் (அதில் சேர்க்கும் கூடுதல் வசதி) அப்டேட்டுகளை யார் போடுவார்கள், அதற்குத் தனிக் கட்டணமா? ஹோஸ்டிங் (சைட்டை வைத்திருக்கும் சர்வர் இடம்) பாஸ்வேர்ட் என் கையில் இருக்குமா?

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்" என்று பதில் வந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்து சைட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், சண்டை போடாமல், டொமைனை உங்கள் மெயில் ஐடிக்கு இந்த வாரமே மாற்றி வாங்குங்கள். உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.