அனீலிங்: சூடாக்குவதா, ஆற்றுவதா?

மென்படலங்களை, அதாவது ஒரு பரப்பின் மேல் படியவைக்கும் மிக மெல்லிய அடுக்குகளை, பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் ‘400 டிகிரியில் அனீல் செய்யப்பட்டது’ என்ற மாதிரி ஒரு வரி அநேகமாக இருக்கும். பழைய ஆங்கிலத்தில் ‘ஒனேலன்’ என்றொரு வினைச்சொல் உண்டு. தீ மூட்டுதல், எரித்தல் என்று பொருள். அதுதான் ‘அனீல்’ என்ற சொல்லின் வேர். பிற்பாடு கண்ணாடியையும் உலோகத்தையும் காய்ச்சி மெல்ல ஆறவிடும் வேலைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நெருப்பில் பிறந்த சொல், ஆறுவதில் வந்து நின்றது வேடிக்கைதான்.

தமிழில் ‘பதனாற்றல்’ என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் இயற்பியல் மாணவர் கண்ணில் ‘ஆற்றல்’ என்றால் எனர்ஜி. அதனால் ‘பதனாற்றுதல்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ‘வெப்பப் பதப்படுத்தல்’ என்பது ரொம்ப அகலம். அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கித் துவைச்சல் போடுவதும் அதில் அடங்கிவிடும். துவைச்சல் இரும்பைக் கடினமாக்கும். அனீலிங் அதை இளக்கும்.

சரி, ஆக்சைடு படலத்தில் என்ன நடக்கிறது? டைட்டானியம் டைஆக்சைடை எடுத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையில் படியவைத்த படலத்தில் அணுக்கள் பெரும்பாலும் ஒழுங்கின்றிக் கிடக்கும். சுமார் 300 முதல் 400 டிகிரி செல்சியஸில் கொஞ்ச நேரம் வைத்தால் அவை நகர்ந்து அடுக்குக்கு வரும்; அனடேஸ் என்ற படிக வடிவத்தில் குட்டிக் குட்டி மணிகள் தோன்றும். இன்னும் ஏற்றினால் சிறிய மணிகளைக் கரைத்துக்கொண்டு பெரிய மணிகள் வளரும். மணிகளுக்கு இடையிலான எல்லைகள் குறைந்தால் படலத்தின் மொத்த ஆற்றலும் குறையும் என்பதே காரணம். மணிகள் வளர வளர, படலத்தின் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் வரைபடத்தில் முகடுகள் ஒல்லியாகிக் கூர்மையாகும். அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்தால் மேற்பரப்பு பெரும்பாலும் முன்னைவிடக் கரடுமுரடாக இருக்கும். அதற்கும் மேலே சூடாக்கினால் அனடேஸ், ரூட்டைல் என்ற இன்னொரு படிக வடிவமாக மாறும்.

இங்கேதான் ‘பதம்’ முக்கியமாகிறது. வாயு உணரிக்குச் சிறு மணிகளும் நிறைய மேற்பரப்பும் வேண்டும். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் உணர்திறன் போய்விடும். சூழலும் கணக்கில் வரும்: காற்றில் வைத்தால் ஆக்சிஜன் இல்லாத காலியிடங்கள் நிரம்பும், வெற்றிடத்தில் வைத்தால் புதிதாக உண்டாகும்.

அப்புறம் அந்த ‘ஆற்றுதல்’. மென்படலத்தில் பாதி வேலைக்கு மேல் சூட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் படலமும் அதைத் தாங்கும் அடித்தளமும் ஆறும்போது ஒரே அளவில் சுருங்குவதில்லை. அவசரமாகக் குளிரவைத்தால் படலத்தில் விரிசல் விழலாம். அதனால் பெரும்பாலும் உலையை அணைத்துவிட்டு, உள்ளேயே ஆறட்டும் என்று விட்டுவிடுவார்கள்.