9900 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் அந்தச் செல்லை வாங்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். கால்சட்டைப் பையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிய ஓட்டை, தொடையில் கட்டு. பையில் சாவிக்கொத்தோடு வேப் கருவிக்கான (மின்சிகரெட்) உதிரி செல்லையும் போட்டு வைத்திருக்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி: "சார், இதைவிட அதிக எம்.ஏ.எச். உள்ள செல் எது?"

வேப் பிடிக்கலாமா கூடாதா என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும். செல்களைச் சோதித்து பேட்டரி கட்டுவது என் தொழில். அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பெரும்பாலான கருவிகளில் போடுவது 18650 செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவுக்குள் அடங்கும் கொள்ளளவு, நல்ல தயாரிப்புகளிலேயே பெரும்பாலும் ஏறக்குறைய 3500 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-ஹவர்) தான். 9900 என்று அச்சடிப்பது, ஒரு லிட்டர் சொம்பில் மூன்று லிட்டர் என்று எழுதி ஒட்டுவதுபோல. அப்படி அச்சடித்த இன்னொரு செல்லையும் அவர் கொண்டுவந்திருந்தார். அதைத் தராசில் வைத்தேன்: 31 கிராம். அசல் செல் பெரும்பாலும் 45 கிராம் அளவில் இருக்கும். சோதனைக் கருவியில் அது ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை.

சரி, எண் உண்மையானது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நீங்கள் பார்க்க வேண்டியது அதை அல்ல. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் யார் காதிலும் ஏறுவதில்லை. எம்.ஏ.எச். என்பது செல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கான கணக்கு. எவ்வளவு மின்னோட்டத்தை ஆபத்தில்லாமல் தரும் என்பதைச் சொல்வது ஆம்பியர். முழுதாகச் சார்ஜ் ஆன செல்லில் 4.2 வோல்ட். கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாத மெக்கானிக்கல் கருவியில் 0.2 ஓம் காயிலை (சூடாகி ஆவி உண்டாக்கும் கம்பிச்சுருள்) போட்டால் 21 ஆம்பியர் இழுக்கும். 3500 எம்.ஏ.எச். செல்கள் பலவும் தொடர்ந்து தரக்கூடியது 8 முதல் 10 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் தாங்கும் செல்கள் பெரும்பாலும் 2500 முதல் 3000 எம்.ஏ.எச். வரை இருக்கும். ஆக, நீங்கள் மட்டமானது என்று ஒதுக்கித் தள்ளும் சின்ன எண்தான் பெரும்பாலும் உங்கள் வேலைக்கு ஏற்றது.

வாட் அமைக்கும் கருவிகளில் கணக்கு தலைகீழ். செல்லில் சார்ஜ் இறங்க இறங்க மின்னோட்டம் ஏறும். ஒற்றைச் செல்லில் 80 வாட் வைத்தால், 3.2 வோல்ட்டுக்கு வரும்போது 25 ஆம்பியர். சுற்றில் வீணாவது அதற்கு மேல். மேலுறையில் பெரிதாக '40 ஆம்பியர்' என்று போட்டிருந்தால், அது தொடர்ச்சியாகவா, சில நொடிகளுக்கா என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் திரும்பிவிடுங்கள். அசல் தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் உள்ள தொடர் மின்னோட்டம் மட்டுமே கணக்கு. செல் தயாரிக்கும் ஆலைகள் சில. அவற்றின் செல்களுக்குப் புதுச் சட்டை மாட்டித் தங்கள் பெயரில் விற்பவர்கள் ஏராளம்.

இனி அந்தப் பை. செல்லின் மேல்முனைப் பொத்தான் மட்டும்தான் நேர்முனை. அதைச் சுற்றியுள்ள விளிம்பு உட்பட உலோகக் கூடு முழுவதும் எதிர்முனை. நடுவே இருப்பது ஒரு மெல்லிய காப்பு வளையமும் காகிதம்போன்ற மேலுறையும். மேலுறையில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் போதும், ஒரு சாவி இரண்டையும் தொட்டு ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். அவருடைய செல்லில் விளிம்பருகே உறை உரிந்து உலோகம் பளபளத்துக்கொண்டிருந்தது. தயவுசெய்து உதிரி செல்லைப் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். சில்லறைக் காசுதான் ஆகும்.

உறை கிழிந்தால் மாற்றுங்கள். கீழே விழுந்து நசுங்கியதைத் தூக்கிப் போடுங்கள், குப்பைக்கூடையில் அல்ல. முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு சேகரிப்பவர்களிடம். இரண்டு செல் போடும் கருவியில் ஒன்றாக வாங்கிய ஜோடியையே போடுங்கள், ஜோடியாகவே சார்ஜ் செய்யுங்கள். தூங்கப் போகும்போது சார்ஜ் போடாதீர்கள். விமானப் பயணத்தில் உதிரி செல்கள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பழைய மடிக்கணினியிலிருந்து உருவிய செல் வேண்டவே வேண்டாம். செல் சூடேறிச் சீறினால் எடுத்துப் பார்க்கிறேன் என்று கிட்டே போகாதீர்கள், விலகி ஓடுங்கள்.

எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது அந்த 31 கிராம் செல்லைத் திருப்பிக் கேட்டார், டார்ச்சுக்காவது ஆகுமே என்று. நான் கொடுக்கவில்லை.